கயிற்றில் துணி இல்லாத நாள்

சித்தூர்
12-3-1956

அன்புள்ள தம்பி சுந்தர்ராஜுக்கு அக்கா கிருபாவதி ஆசீர்வாதம். ஆண்டவர் கிருபையால நான் சுகமா கீறேன். இருமல் ஒண்டிதான் விட்ட பாடில்லை. நீயும் எலிசபெத்தும் சுகந்தானே?

எண்ணெய் இன்னா ஆச்சு, எண்ணெய் இன்னா ஆச்சுன்னு நாலு கார்டு போட்டுட்டே. இது இன்னா மோர்க்குழம்பா, பொங்கினதும் இறக்கறதுக்கு? வடக்கேயிருந்து ஆளிவிதை ரேணிகுண்டா வந்து சேரவே ஒரு மாசம் ஆயிடுச்சு. செக்குல ஆட்டி, ஜாடியில ஊத்தி, நாப்பது நாள் அசைக்காம வெச்சேன். கசடு அடியில தங்கினாதானே மேலே தெளியும்? பிண்ணாக்கை முச்சூடும் பலமனேர் பால்காரங்க மாட்டுக்குன்னு அள்ளிக்கினு போயிட்டாங்க. முந்தாநாள்தான் அடுப்புல கொப்பரையை ஏத்தினேன். எண்ணெய் சீக்கிரம் காய்றதுக்கு மிருதாரசிங்கிப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமா தூவி, சின்னத் தீயில ஆறு மணி நேரம் கிட்டவே உக்காந்து கீறேன். பதம் பார்க்கக் கோழி இறகை விட்டேன், சட்டுனு சுருண்டுச்சு. கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு தடவி வெச்சேன், மறுநாள் காய்ஞ்சு விரல்ல ஒட்டலை. இதுக்கு மேல இன்னா பரீட்சை வைக்கணும் உங்க நாகபூஷணம் மொதலாளிக்கு?

நீ அனுப்பின முனிரத்தினம்கிட்ட நாலு டின் குடுத்தனுப்பறேன். மூணு பெயின்ட் குழைக்க. ஒண்ணு சீமைச்சுண்ணாம்போட பிசைஞ்சு சன்னல் கண்ணாடிக்கு மக்கு வைக்க. நல்ல பையன்டா அவன். போர்டு எழுதறவங்கள்ல அவனை மாதிரி கை எனக்குத் தெரிஞ்சு இல்லை. அவன் பொண்டாட்டி வள்ளி முழுகாம கீறாளாம். சொல்றப்போ வெக்கத்துல டின்னைக் கால்ல போட்டுக்கினான்.

எண்ணெய் துடைச்ச துணியைக் கயித்துல விரிச்சுப் போடு. வேர்க்கடலை எண்ணெய்த் துணின்னா சுருட்டி மூலையில கிடாசலாம். ஆளிவிதை எண்ணெய் காய்றப்போ சூடாவும், சுருட்டி வெச்சா அந்தச் சூடு உள்ளேயே ஏறித் தானே பத்திக்கும். உனக்கு நான் சொல்லணுமா? ஒம்பது வயசுல நைனாவோட எண்ணெய்த் துணிக்கூடையில சுட்டுக்கினியே, அந்த இடது கையைப் பார்த்துக்கோ, போதும்.

ஆசீர்வாதங்களோட,
அக்கா கிருபாவதி


திருப்பதி
4-4-1956

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு, தம்பி சுந்தர்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் எலிசபெத்தும் சுகம். உயிர்த்தெழுந்த திருநாள் ஆராதனை நன்றாக நடந்தது. தங்கள் இருமலுக்கு மருந்து சாப்பிடவும்.

எண்ணெய் நன்றாக இருக்கிறது. பளபளப்பு போதும் என்று முதலாளியே சொன்னார். அவருக்கு இப்போது பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. பஜார் போர்டுகளில் தமிழை அழித்துவிட்டுத் தெலுங்கில் எழுத வேண்டும். ஆர்டர் கொடுத்த பெரிய மனிதர் இம்மாதம் பதினெட்டாம் தேதி எங்கள் போர்டு ஷெட்டைப் பார்க்க வருகிறார். மேஸ்திரி என்ற முறையில் எல்லாப் பொறுப்பும் என் தலையில்.

முனிரத்தினம்தான் தகராறு செய்கிறான். "தெலுங்கு எழுத்தை எழுதச் சொல்லுங்க மேஸ்திரி, எத்தனை போர்டு வேணும்னாலும் எழுதறேன். பக்கத்துல புதுப் பலகை போட்டு எழுதறேன். நான் எழுதின எழுத்து மேல என் கையாலயே பெயின்ட் அடிக்க மாட்டேன்" என்கிறான். முதலாளி கத்தினார். இவனும் வாயை அடக்காமல், "அதுக்கு இந்தப் பலகையை எல்லாம் கொளுத்திடுங்க" என்று சொல்லிவிட்டான். எல்லாருக்கும் கேட்டது. நகரிக்காரன், திருத்தணி எல்லைக் கூட்டத்துக்கெல்லாம் போகிறவன். அவனுக்கு நல்ல புத்தி சொல்லி ஒரு கார்டு போடுங்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி சுந்தர்ராஜ்


சித்தூர்
9-4-1956

அன்புள்ள சுந்தருக்கு ஆசீர்வாதம். இங்க சுகம். உங்க சுகத்துக்கு எழுது.

நல்ல புத்தி சொல்லணுமாம். அவனுக்கு எதுக்குடா புத்தி? அவன் சொன்னதுல இன்னா தப்பு? தெலுங்கு எழுத மாட்டேன்னு சொன்னானா? எழுத்துன்னா ரெண்டும் எழுத்துதான், நம்ம ஊர்ல ரெண்டும் பேசித்தானே வளர்ந்தோம். என் கொப்பரையை இத்தினி வருசமா தேய்ச்சுக் குடுக்கற சந்திரம்மா தெலுங்குல திட்டினா நான் தமிழ்ல திட்டறேன், யாருக்கும் ஒரு குறையும் இல்லை. போட்ட எழுத்தை அழிக்கறவன் கிட்டதான் எனக்குச் சண்டை. என் எண்ணெய் அதுக்குப் போவுதுன்னா அடுத்த டின்னை அனுப்ப மாட்டேன். உங்க மொதலாளிகிட்ட அப்படியே சொல்லு. சொல்ல மாட்டே. வாயில கொழுக்கட்டை.

ஆசீர்வாதத்தோட,
கிருபாவதி


திருப்பதி
24-4-1956

அன்புள்ள அக்கா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுகம்.

ஒரு துக்கச் செய்தி. பதினெட்டாம் தேதி புதன்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்கு ஷெட் எரிந்துவிட்டது. எல்லாரும் தேநீருக்குப் போயிருந்த நேரம். உயிர்ச்சேதம் இல்லை. பலகைகள், பெயின்ட், தங்கள் எண்ணெய் எல்லாம் போயிற்று. எப்படிப் பற்றியது என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் முனிரத்தினம் தன்னுடைய பிரஷ்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தன் பிரஷ்களைக் காப்பாற்றிவிட்டுத் தீ வைத்திருக்கிறான் என்று போலீஸ் அவனைப் பிடித்துப் போய்விட்டது. முன்பு அவன் சொன்ன வார்த்தையும் சேர்ந்துகொண்டது. சித்தூர் ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
சுந்தர்ராஜ்


சித்தூர்
27-4-1956

சுந்தருக்கு அக்கா ஆசீர்வாதம். உனக்கு ஒண்ணும் ஆவலைன்னு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

இன்னாடா இது, தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கே? போர்டு எழுதறவன் எவன்டா பிரஷ்ஷை ஷெட்டுல விட்டுட்டுப் போவான்? தினமும் கழுவி, எண்ணெய் தடவி, மடியில கட்டிக்கினு போறதுதானே அவங்க வழக்கம்? இது உனக்குத் தெரியாதா? போலீஸ்காரங்களுக்கு நீ சொன்னியா?

எனக்கு ரெண்டே கேள்வி. தீ மொதல்ல எந்த மூலையில வந்துச்சு? அன்னிக்குத் துணியெல்லாம் கயித்துலதானே கிடந்துச்சு? உடனே எழுது.

கிருபாவதி


திருப்பதி
30-5-1956

அன்புள்ள அக்கா அவர்களுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாங்கள் சுகம். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. எலிசபெத் ஆவக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், ஒரு ஜாடி பஸ்ஸில் அனுப்புகிறேன். முதலாளி ரேணிகுண்டா ரோட்டில் வேறு ஷெட் பார்த்திருக்கிறார். என்னையே மேஸ்திரியாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வழக்கு விஷயமாகத் தாங்கள் யாரிடமும் பேச வேண்டாம். எல்லைத் தகராறில் போய் மாட்டிக்கொண்டான் என்று ஊரே சொல்கிறது. நாம் சிறுபான்மைக் குடும்பம், நமக்கு எதற்கு? மேலும் தங்கள் எண்ணெய் மேல் பழி வந்தால் வியாபாரம் கெடும். தங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

இருமல் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
சுந்தர்ராஜ்


சித்தூர்
14-6-1956

சுந்தர்,

ஊறுகாய் வந்துச்சு. வள்ளி இப்போ என்கிட்டதான் கீறா, அவளுக்குக் குடுத்துட்டேன். வாய்க்கு ருசியா துன்னட்டும்.

நேத்து ஜெயிலுக்குப் போனேன். உள்ளே விட மாட்டேன்னாங்க. விடற வரைக்கும் வாசல்லயே உக்காந்தேன். மூணு மணிக்கு விட்டாங்க. முனிரத்தினம் பாதியா இளைச்சுட்டான். அழுவலை. "நான் வைக்கலைக்கா"ன்னு ஒரே தபா சொன்னான். அப்பால அன்னிக்கு நடந்ததைக் காலையிலேர்ந்து சொல்லச் சொன்னேன். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கினே வந்தான். நடுவுல ஒண்ணு சொன்னான்: "அன்னிக்கு ஷெட்டு கோயில் மாதிரி இருந்துச்சுக்கா. பெரிய மனுசர் வர்றாருன்னு மேஸ்திரி அம்மாம் சுத்தம் பண்ணி வெச்சிருந்தாரு. கயித்துல ஒரு துணி இல்லை."

அவனுக்கு அது இன்னான்னு தெரியலை. உன்னை மெச்சிக்கினு கீறான், பாவி. கம்பியைப் பிடிச்சுக்கினு நான் நின்னேன்.

நான் ரெண்டு கேள்வி கேட்டேன். நீ மாங்காய் ஊறுகாய் அனுப்பினே.

உனக்கு ஒம்பது வயசு, எனக்குப் பதினாலு. நைனா துணியெல்லாம் கூடையில அமுக்கி வெச்சுட்டு சர்ச்சுக்குப் போனாரு. நெருப்பே இல்லாத இடத்துல கூடை புகைஞ்சுது. நீ கையை விட்டு இழுத்தே. நைனா உன்னைத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு, நான் பின்னாடியே ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் ஊர்ல எல்லாருக்கும் அவரே போய்ச் சொன்னாரு, தப்பு என்னுதுன்னு. மறந்துட்டியா? உலகத்துல வேற எவனாவது தெரியாம செஞ்சேன்னு சொல்லலாம். நீ சொல்ல முடியாது.

துணியை மூட்டை கட்டினது தப்பில்லைடா. பெரிய மனுசர் வர்ற அவசரம், மொதலாளி விரட்டியிருப்பாரு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பாரு, மறுபடி விரிக்க மறந்திருப்பே. யாருக்கும் ஆவும். இப்போ வாயை மூடிக்கினு கீறே பாரு, அதுதான் தப்பு. அதை நான் மன்னிக்க மாட்டேன். என் எண்ணெய்க்குப் பழி வந்தா வரட்டும். என் எண்ணெய் பேரைச் சொல்லி ஒளிஞ்சுக்காதே.

இந்தக் கடுதாசியில ஆசீர்வாதம் எழுதலை. மறந்து போய் இல்லை.

கிருபாவதி


சித்தூர்
3-8-1956

சுந்தர்,

ஏழு வாரம் ஆச்சு. ஒரு கார்டு இல்லை. சரி. நீ எழுதாட்டியும் நான் எழுதுவேன், படிக்காம கிழிக்க உன்னால முடியாது.

வள்ளிக்குப் போன சனிக்கிழமை பொண்ணு பொறந்துச்சு. அப்பன் மூக்கு. ஜெயில்ல போய் நான்தான் சொன்னேன். "யாரை மாதிரி கீதுக்கா"ன்னு கேட்டான். அப்போதான் அழுதான்.

வக்கீல் தாமோதரனைப் பார்த்தேன். எண்ணெய்த் துணி தானே பத்திக்கும்னு சொன்னதும் சிரிச்சாரு. "அம்மா, கோர்ட்டுல இதைச் சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க"ன்னாரு. நான் சிரிக்கலை. "நாளைக்குக் காலையில என் கொல்லைக்கு வாங்க"ன்னேன். வந்தாரு. நாப்பது துணியை எண்ணெயில நனைச்சுப் பிழிஞ்சு, கோணியில அமுக்கி, தகரத்துக் கீழே வெச்சேன். காலையில ஒம்பது மணி. ஒண்ணரை மணிக்குத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், கையை வெடுக்குனு எடுத்துக்கினாரு. மூணுக்குப் புகைஞ்சுது. மூணே காலுக்குப் பத்திக்கிச்சு, அணைக்கறதுக்கு அவர் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கினு எனக்குத் தண்ணி மொண்டு குடுத்தாரு. இதுவரைக்கும் மூணு தபா செஞ்சு பார்த்துட்டேன். வெயில் நாள்ல ஆறு மணி நேரம், மேகம் போட்டா ஏழு எட்டு.

விசயம் ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணு கடைக்காரங்க டின்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. போதகர் ஐயா வந்து, "கிருபாவதி, இது அரசியல் வழக்கு, சபைக்குக் கெட்ட பேரு"ன்னாரு. "ஐயா, பத்துக் கட்டளையில பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு கல்பலகையில எழுதினது யாரு? அதுவும் அரசியல்னா அழிச்சுடுங்க"ன்னேன். காப்பி கூடக் குடிக்காம போயிட்டாரு.

இப்போ எல்லா டின்னுலயும் சீட்டு ஒட்டறேன். தமிழ், தெலுங்கு, இங்கிலீசு மூணுலயும்: இந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்காதே, விரித்துக் காயப் போடு. தெலுங்கு எழுதிக் குடுத்தது சந்திரம்மா பொண்ணு. பயந்து வாங்காதவங்க வாங்க வேணாம். தெரிஞ்சு வாங்கறவங்க ஒண்டி வாங்கட்டும்.

கிருபாவதி


திருப்பதி
20-8-1956

அன்புள்ள அண்ணிக்கு எலிசபெத் பணிவுடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அவர் சுகமாக இருக்கிறார் என்று பொய் எழுத வரவில்லை.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவார், உறையில் போடுவார், தபால் பெட்டி வரை போவார், திரும்பி வந்துவிடுவார். அடுப்பில் ஐந்து காகிதம் எரிந்ததை நானே பார்த்தேன். சாப்பாட்டில் கையே வைப்பதில்லை. புது ஷெட்டில் துணி விரிக்கிற கயிற்றை மட்டும் தினமும் இழுத்து இழுத்துக் கட்டிவிட்டு வருகிறாராம். என்ன என்று கேட்டால் என் மேல் எரிந்து விழுகிறார்.

எனக்கு விஷயம் முழுவதும் தெரியாது, அண்ணி. பாதி தெரியும். போலீஸ் தரப்புச் சாட்சியாக இவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள், அவன் கொளுத்தச் சொன்னதைக் கேட்டவர் என்று. முதலாளி தினமும் வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறார். நீங்கள் கோபப்படாமல் ஒரு வார்த்தை எழுதினால் நல்லது.

எலிசபெத்


சித்தூர்
5-11-1956

அன்புள்ள எலிசபெத்துக்கு, அவனுக்கும் படிச்சுக் காட்டு.

கோபப்படாம எழுதுன்னு கேட்டிருந்தே. கோபம் போற வரைக்கும் காத்துக்கினு இருந்ததுல ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. இன்னும் போகலை. ஆனா எழுதித்தான் ஆவணும்.

நாலு நாள் முன்னாடி ராஜ்ஜியத்துக்குப் புதுப் பேரு வெச்சாங்க. இங்க ஊர்வலம், மத்தாப்பு எல்லாம் ஆச்சு. எல்லை எங்க போவுதுன்னு இன்னும் எவனுக்கும் தெரியலை. எங்க வேணும்னாலும் போவட்டும். எந்தப் பக்கம் போனாலும் செய்யாத தப்புக்கு ஒருத்தன் உள்ளே கிடக்கக் கூடாது.

வர்ற பத்தொம்பதாம் தேதி திங்கட்கிழமை சித்தூர் பெரிய கோர்ட்டுல விசாரணை. தாமோதரன் ஜட்ஜ்கிட்ட மனு குடுத்து அனுமதி வாங்கிட்டாரு. அன்னிக்குக் காலையில பத்து மணிக்கு கோர்ட்டு கொல்லைப்பக்கம் நான் மூட்டை கட்டி வைக்கப் போறேன். அது புகையட்டும், எல்லாரும் பார்க்கட்டும். மழைக்காலம், சீக்கிரம் சூடு ஏறுமான்னு தெரியலை. ஏறாம போனா ஊரே சிரிக்கும். சிரிச்சுட்டுப் போவட்டும்.

ஆனா ஒண்ணு. மூட்டை புகைஞ்சா, துணி தானே பத்திக்கும்னு ஒண்டிதான் தெரியும். அன்னிக்கு ஷெட்டுல மூட்டை இருந்துச்சுன்னு யார் சொல்றது? கட்டினவன்தான் சொல்லணும். யார் கட்டினதுன்னு தாமோதரன் என்னைக் கேட்டாரு. "என் வாயால சொல்ல மாட்டேன், போலீஸ் சாட்சியா வர்ற மேஸ்திரிகிட்ட ஒரே கேள்வி கேளுங்க, அன்னிக்குக் கயித்துல துணி இருந்துச்சான்னு. அதுக்கு மேல கேக்காதீங்க"ன்னு சொல்லிட்டேன். நான் போட்டுக் குடுத்துட்டா முனிரத்தினம் பிழைச்சுடுவான். சுந்தர் தானாவே சொன்னாதான் அவன் மனுசனா பிழைப்பான். என் தம்பி எனக்கு மனுசனா வேணும்.

சுந்தர், நீ இல்லைன்னு சொல்லிட்டா அது உன் இஷ்டம். ஆனா அப்பால எனக்குக் கடுதாசி போடாதே.

கிருபாவதி


திருப்பதி
20-11-1956

அக்கா,

நான் சுகமா கீறேன். ஏழு மாசத்துல இதை எழுத இன்னிக்குத்தான் கை வருது.

நேத்து நீ கொல்லைப்பக்கம் தூறல்ல குந்திக்கினு, உன் குடையை மூட்டைக்குப் பிடிச்சுக்கினு நனைஞ்சுக்கினு இருந்ததைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தே. பார்க்காத மாதிரி குடையைத் திருப்பிக்கினே. உன்கிட்ட வந்து பேசக் காலு வரலை. அதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க.

உள்ள நடந்தது உனக்குத் தெரியாது இல்லையா, சாட்சிங்களை வெளியேதானே நிக்க வெச்சாங்க. அதான் எழுதறேன்.

சர்க்கார் வக்கீல் கேட்டாரு: கொளுத்தச் சொன்னானா? சொன்னான்னேன். பிரஷ்ஷோட வந்தானா? வந்தான், தினமும் அப்படித்தான் கொண்டுபோவான்னேன். மொதலாளி முகம் சுருங்கிச்சு. அப்பால மூணு மணிக்கு தாமோதரன் எழுந்தாரு. "அன்று கயிற்றில் துணி இருந்ததா?" அவ்ளோதான். உக்காந்துட்டாரு.

நான் ஜன்னலைப் பார்த்தேன் அக்கா. மழைதான் தெரிஞ்சுது. புகை வருமான்னு பார்த்தேன். வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், நீ காட்டின அப்பால நான் ஆமாம்னு சொன்னாப் போதும். ஒண்ணும் வரலை. முனிரத்தினம் கூண்டுல நின்னுக்கினு என்னையே பார்க்கறான்.

"இல்லை ஐயா"ன்னேன். "நாப்பது ஈரத் துணி. மொதலாளி தொங்கக் கூடாதுன்னு சொன்னாரு. காலையில பத்து மணிக்கு நான்தான் கோணியில அமுக்கி, பலகைக்குப் பின்னாடி தள்ளினேன். விருந்து சாப்பாட்டுக்குப் போனேன், வந்து பிரிக்க மறந்துட்டேன். தீ அந்த மூலையிலதான் மொதல்ல வந்துச்சு, நானே பார்த்தேன். இந்த எண்ணெய்த் துணி தானே பத்திக்கும்னு எனக்குத் தெரியும்"ன்னு சொல்லி, சட்டைக் கையைத் தூக்கி இடது கையைக் காட்டினேன். ஜட்ஜ், "இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?"ன்னாரு. "பயம் ஐயா. வேலை போயிடும்னு பயம். வேற காரணம் இல்லை"ன்னேன். எழுதிக்கினாரு.

வேலை போயிடுச்சு. வராந்தாவுலயே மொதலாளி சொல்லிட்டாரு. தொலையட்டும்.

முனிரத்தினத்தை இட்டுக்கினு போறப்போ கிட்ட போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் கும்பிடலை. "ஏழு மாசம் மேஸ்திரி. என் பொண்ணை இன்னும் நான் தூக்கலை"ன்னான். போலீஸ்காரங்களோட நடந்துட்டான்.

நாலரை பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன். உன் முகத்தைப் பார்க்கற தைரியம் நேத்து வரலை. எலிசபெத் தட்டுல சோத்தைப் போட்டுக்கினே அழுதா. நான் துன்னேன்.

உன் மூட்டை இன்னா ஆச்சு? எழுது. எழுத உனக்கு இஷ்டம் இருந்தா.

சுந்தர்


சித்தூர்
23-11-1956

அன்புள்ள தம்பி சுந்தருக்கு,

நான் சுகம். இருமல் நல்லா பிடிச்சுக்கிச்சு, மழையில நனைஞ்சா பிடிக்காதா? சந்திரம்மா கஷாயம் வெச்சுக் குடுத்து, தெலுங்குல என்னைத் திட்டித் தீர்த்துட்டா.

இன்னிக்குக் காலையில தீர்ப்பு சொன்னாங்க. முனிரத்தினத்தை விட்டுட்டாங்க. ஜெயில் வாசல்ல வள்ளி பிள்ளையைக் கையில குடுத்தா. எப்படித் தூக்கறதுன்னு தெரியாம அவன் ரெண்டு கையையும் நீட்டிக்கினே நின்னான். அப்பால நான்தான் பிடிச்சு வெச்சேன்.

இப்போ மூட்டைக் கதை. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ளே கையை விட்டேன். சும்மா வெதுவெதுப்பு. மூணு மணிக்கும் அதேதான். வர்றவன் போறவன் எல்லாம், "இன்னாம்மா, சோறு வெந்துச்சா?"ன்னு கேட்டுக்கினு போனான். "உங்க அப்பன் கருமாதிக்கு வேகுது, இருந்து துன்னுட்டுப் போ"ன்னேன். ஆனா மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கினே இருந்தேன்டா. இது ஏறலைன்னா என் பேச்சும் பொய், முனிரத்தினம் கதியும் அவ்ளோதான்னு நெனைச்சேன். நாலு மணிக்கு உள்ளேயிருந்து தாமோதரன் ஓடியாந்து, "அம்மா, உங்க தம்பி சொல்லிட்டாரு"ன்னாரு. எழுந்து உன்னைத் தேடினேன், நீ பஸ்ஸுக்குப் போயிட்டே.

அஞ்சு மணிக்கு கோர்ட்டு கலைஞ்சுது. ஜட்ஜ் கார்ல ஏறிப் போயிட்டாரு. மழையும் விட்டுப்போச்சு. நான் ஒண்டி உக்காந்து கீறேன், சேவகர் திருவேங்கடம் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கினு, "போம்மா, வீட்டுக்குப் போ"ங்கறாரு. அஞ்சரைக்கு கோணி வாயில ஒரு நூல் புகை. அப்பால திமுதிமுன்னு. கோலால பிரிச்சேன், குப்புனு பத்திக்கிச்சு. திருவேங்கடம் வாளியோட ஓடியாந்தாரு. பார்த்தது நாங்க ரெண்டு பேருதான்.

இன்னான்னு புரியுதாடா? நீ பேசின அப்போ மூட்டையில சூடே ஏறலை. ஜன்னலைப் பார்த்தேன்னு எழுதியிருக்கியே, ஒண்ணும் தெரியலைன்னு. ஒண்ணும் தெரியாமதான் பேசினே. நைனா மாதிரி.

முனிரத்தினம் உன்கிட்ட பேச மாட்டான், இப்போதைக்கு வற்புறுத்தாதே. அவனுக்கு உரிமை கீது. என் ஷெட்டுக்குப் போர்டு எழுதித் தர்றேன்னான், தமிழ் ஒரு வரி, தெலுங்கு ஒரு வரி. நாகபூஷணம் வேலை குடுக்காட்டி போறாரு, நீயும் எலிசபெத்தும் கிளம்பி இங்க வாங்க. கொப்பரை கிட்ட உக்கார ரெண்டு ஆளு வேணும். திரும்பி வந்த டின்னுங்க எல்லாம் மறுபடி கேட்டு வந்துக்கினு கீது, சீட்டு ஒட்டினதுதான் வேணுமாம். கொல்லையில புதுக் கயிறு கட்டிட்டேன். துணி விரிக்கிற வேலை உன்னுது.

ஜூன் மாசத்துலேர்ந்து நிறுத்தி வெச்சிருந்தேனே, அந்த ஆசீர்வாதம் எல்லாத்தையும் சேர்த்து,
உன் அக்கா கிருபாவதி